மூடிய ஷட்டரும் சத்தமில்லாத வண்டியும்

அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. நிமிடம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம், என் மகள் கீர்த்தனா உடனே என்னைக் கைபேசியில் அழைத்தாள். அந்த அழைப்பின் பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

"அம்மா, கரண்ட் போச்சு. இன்வெர்ட்டரும் நிக்க மாட்டேங்குது. வீட்டுக்குள்ள வேகுது. நான் கார்ல ஏசியப் போட்டு உக்காந்து படிக்கிறேன்."

"சரிடி. சாப்ட்டியா?"

"ஆச்சு."

"தனியா இருக்க. எல்லாத்தையும் பூட்டிக்க."

"பூட்டிட்டேம்மா. வைக்கிறேன்."

இவ்வளவுதான் பேசினோம். நான் அப்போது பழங்காநத்தத்தில், நம் கார் ஷோரூமின் டெலிவரி கூடத்தில், புது வண்டி ஒன்றுக்கு மாலை வந்துவிட்டதா, எலுமிச்சம்பழம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அந்த வேலையிலேயே மூழ்கிவிட்டேன்.

டெலிவரி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதத்தோடு நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். "போறதுக்கு முன்னாடி புதுப் பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்று மேலாளர் கேட்டார். பொத்தான்களைப் பற்றியும் திரைகளைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அவற்றைப் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்று என் வீட்டிலேயே நடந்தது. சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊர்க்காரர்களின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் இத்தனை காலம் பழகியவர்களுக்கு வண்டியின் உயிர் காதில் இருக்கிறது. உறுமினால் ஓடுகிறது, உறுமாவிட்டால் அணைந்துவிட்டது. பெட்ரோல் என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டி இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. அதில் என்ஜின் நிற்கும், வண்டி நிற்காது. நிற்கும் வண்டியில் பேட்டரியில் ஏசி ஓடும். பேட்டரி இறங்கினால் யாரையும் கேட்காமல் என்ஜின் எழுந்து, கொஞ்ச நேரம் ஓடி, பேட்டரியை நிரப்பிவிட்டு மறுபடி அடங்கிக்கொள்ளும்.

முன்பு ஒரு வாடிக்கையாளர் இருந்தார், வங்கி அதிகாரி. ஹைபிரிட் வண்டி எடுத்த மறுநாளே காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டு என்னை அழைத்தார்.

"என்னம்மா வண்டி குடுத்திருக்கீங்க? சிக்னலுக்குச் சிக்னல் செத்துப் போகுது. நானும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், எந்திரிக்க மாட்டேங்குது."

பின்னால் ஆட்டோக்காரர் ஒருவரின் குரல் கேட்டது: "அண்ணே, பெட்ரோல் இல்லையா? தள்ளி விடவா?"

"சார், வண்டி சாகல. நல்லா தூங்கிக்கிட்டு இருந்த வண்டிய நீங்கதான் பட்டனை அமுக்கிக் கொன்னுட்டீங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். என்ஜின் சத்தம் நின்றதும் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து, உயிர் கொடுப்பதாக எண்ணிப் பட்டனை அமுக்கி, அதை அவரே நிஜமாக அணைத்திருக்கிறார். இந்தக் கதையை நாங்கள் கூடத்தில் பல நாள் சொல்லிச் சிரித்தோம். அதன் மறுபக்கத்தை ஒருவரும் யோசிக்கவில்லை. சத்தமில்லாத வண்டியைப் பார்த்து ஒருவர் 'செத்துவிட்டது' என்று பயப்படுவார் என்றால், இன்னொருவர் அதே வண்டியைப் பார்த்து 'ஆபத்தில்லை' என்று நம்புவார் அல்லவா? பயந்தவர் நம்மை அழைப்பார். நம்பியவர் அழைக்க மாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வண்டி எடுக்க வந்தவர் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி, முத்துவேல் அண்ணன். மனைவியோடு தன் பழைய பெட்ரோல் காரில் வந்திருந்தார். அதை எங்களிடம் மாற்றிக்கொண்டு புது ஹைபிரிட்டை எடுத்துப் போவதாக ஏற்பாடு. நல்ல நேரம் இரண்டே முக்கால் வரைக்கும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் ஏற்றியாயிற்று. அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டனை அமுக்கச் சொன்னேன். திரையில் பச்சை விளக்கு வந்தது. அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"என்ன தங்கச்சி, நல்ல நேரம் முடியப் போகுது, ஸ்டார்ட் ஆகலையே?"

"ஆயிருச்சுண்ணே. இதான் ஸ்டார்ட்."

"எங்க ஆச்சு? ஒரு உறுமல் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. வாடிவாசல்ல வெளிய வர மாட்டேன்னு நிக்கிற மாடு மாதிரில்ல நிக்குது."

வெளியே நின்ற அவர் மனைவி, "வீட்ல நீங்க உறுமுறது பத்தாதா, வண்டியும் உறுமணுமா?" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

நல்ல நேரத்துக்குள் சத்தம் வந்தாக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அதை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். சத்தம் வராமல் வண்டியை எடுத்தால் பூஜையே நடக்காத மாதிரி முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அதற்காக நாம் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டுப் பேசிக்கொண்டே நின்றால், கொஞ்ச நேரத்தில் என்ஜின் தானாக எழுந்துவிடும். நானும் அப்படியே செய்தேன். "கொஞ்சம் பொறுங்கண்ணே. பேட்டரி எறங்குச்சுன்னா அதுவா எந்திரிக்கும்."

எழுந்தது. முத்துவேல் அண்ணன் முகம் மலர்ந்தது. அவர் மனைவி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நம் காவலர் வழக்கம்போல வந்து கூடத்தின் இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் அகலத் திறந்துவைத்து, "புகை வெளிய போகட்டும்" என்றார். ஒவ்வொரு டெலிவரிக்கும் அவர் சொல்வதுதான். அன்று மட்டும் அந்த வார்த்தை என் மேல் விழுந்தது.

வண்டி நிற்கிறது. ஏசி ஓடுகிறது. என்ஜின் தானாக எழுந்துவிட்டது. கதவைத் திறக்க இங்கே ஒரு ஆள் இருக்கிறார்.

எங்கள் வீட்டு வண்டியும் ஹைபிரிட்தான். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிற்கும். முன்னால் இரும்பு ஷட்டர், மற்ற மூன்று பக்கமும் சுவர். 'பூட்டிட்டேம்மா' என்று கீர்த்தனா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. சொல்லி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அவளை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. என் கணவரை அழைத்தேன். அவர் கல்லூரி ஆசிரியர். அன்று பிற்பகல் தேர்வு மேற்பார்வை. கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் தேர்வு அறைக்குள் போக வேண்டும். அணைத்து வைத்திருப்பதாகக் குரல் வந்தது. என் நெஞ்சுக்குள் இருந்த எல்லாமே ஓடிப் போய் வீட்டைச் சேர்ந்துவிட்டது. உடம்பு மட்டும் பழங்காநத்தத்தில் நின்றது. நடுவில் மதுரை முழுவதும் கிடந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் முதல் பாதி பிழை.

எதிர்வீட்டுச் சித்ராவை அழைத்தேன். வீட்டிலேயே துணி தைப்பவள், பகலில் எப்போதும் இருப்பாள். நான் அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். ஹைபிரிட் என்றால் என்ன, பேட்டரி எப்படி இறங்கும், என்ஜின் எப்போது எழும் என்று. கூடத்தில் தினமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியது அதுதான். பதறும்போது அதுவே முதலில் வந்தது. பாவம், அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து தெருவைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஷட்டர்ல காத வச்சுக் கேட்டுட்டேன். சத்தமே இல்ல. வண்டி ஆஃப்லதான் இருக்கு. நீங்க பயப்படாதீங்க."

"சத்தம் இல்லாட்டியும் அது ஆஃப்ல இல்ல சித்ரா."

"சத்தம் இல்லாம எப்படிக்கா ஓடும்? கரண்டும் இல்ல, பக்கத்து மனைல டைல்ஸ் வெட்டுற மிசின் கூட நின்னுருச்சு. தெருவே கப்சிப்னு கெடக்கு. ஓடுனா எனக்குக் கேக்காதா? புள்ள படிச்ச அலுப்புல தூங்குறா போல. தூங்கட்டுமேக்கா."

"தட்டிப் பாரு."

தட்டும் ஓசை எனக்கே கேட்டது. கீர்த்தி, கீர்த்தி என்று அவள் கூப்பிடுவதும் கேட்டது. பதில் இல்லை. அப்புறம் அவள் குரலில் ஒரு சந்தோஷம்.

"அக்கா, இந்தா ஸ்டார்ட் ஆயிருச்சு. முழிச்சுட்டாக்கா. அவதான் ஸ்டார்ட் பண்ணியிருக்கா."

அந்த நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சத்தம் இல்லாதபோது அவள் ஆபத்தில்லை என்று நினைத்தாள். சத்தம் வந்ததும் பிள்ளை விழித்துவிட்டாள் என்று நினைத்தாள். இரண்டு தடவையும் அவள் காது சரியாகத்தான் கேட்டது. இரண்டு தடவையும் அந்த வண்டி அவளை ஏமாற்றியது. உள்ளே இருந்தவள் விழிக்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் அவள் காரணத்தோடு வாதாடிக்கொண்டிருப்பாள். வாதாடுவது அவள் குற்றமில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால் காரணத்தை விட்டேன்.

"சித்ரா, நான் சொல்றத மட்டும் செய்யி. ஏன்னு கேக்காத. உள்ள பூட்டியிருக்கு, ஷட்டர ஒடை."

"அக்கா, அடுத்தவங்க வீட்டு ஷட்டர எப்படி ஒடைக்கிறது? அண்ணன் வந்து கேட்டா?"

"நாந்தான் வீட்டுக்காரி, நான் சொல்றேன். பக்கத்து மனைல வேலை பாக்குறவங்களக் கூப்பிடு. கடப்பாரைய எடுத்துட்டு வரச் சொல்லு. தூக்குனதும் உள்ள போகாதீங்க, நல்லா காத்து போகட்டும். மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் போயி அவள வெளிய இழுங்க. வண்டிய அணைக்கிறது அப்புறம்."

"சரிக்கா" என்றாள். அழைப்பைத் துண்டித்தாள். அடுத்த கணமே நான் 108-ஐ அழைத்து முகவரியைச் சொன்னேன்.

பிள்ளைகளே, நாம் விளக்கிச் சொல்லிப் பிழைப்பவர்கள். ஆனால் நேரம் கழுத்தைப் பிடிக்கும்போது விளக்கம் உதவாது. எதிரில் இருப்பவர் கை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஏன் என்பதை அப்புறம் உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் விளக்கத்தில் விட்ட நேரத்தைப் பற்றி இப்போதும் நினைக்கிறேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் எங்கள் வண்டி அந்த ஷட்டருக்குள் நின்றது. முத்துவேல் அண்ணன் நான் பேசியதை எல்லாம் நின்று கேட்டிருக்கிறார். மாலை போட்ட புது வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏறுங்க தங்கச்சி. நான் விடுறேன்."

"அண்ணே, உங்க நல்ல நேரம்..."

"போனாப் போகுது. நல்ல நேரம் அடுத்த வாரமும் வரும்." மனைவியைப் பார்த்து, "நீ வண்டிகிட்ட இரு. வந்துருவேன்" என்றார். அந்த அம்மா தன்னிடம் இருந்த தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்து, "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க" என்றார்.

ஏறியது அவருடைய பழைய பெட்ரோல் காரில். ஒவ்வொரு கியருக்கும் உடம்பெல்லாம் ஆடும் வண்டி. தெப்பக்குளம் பக்கம் சிக்னல் விழுந்தது. பழக்கத்தில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நம் ஊரில் பலரும் செய்வதுதான். ஏசியும் அதோடு செத்தது. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து உட்கார்ந்தது. அந்த அமைதியில் நான் விம்மிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. அதன்பிறகு எந்தச் சிக்னலிலும் அவர் அணைக்கவில்லை.

அந்தப் பயணத்தில் ஒன்று எனக்குத் தெளிவானது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பழைய வண்டி இருந்திருந்தால், யாருமே அதை மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சத்தம் காதைக் குடையும், புகை மூக்கில் ஏறும். இரண்டு நிமிடத்தில் ஓடிப் போய் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். இப்போது சிக்னலில் தானாக அணையும் சாதாரணப் பெட்ரோல் வண்டிகளும் வருகின்றன. அவற்றில்கூட என்ஜின் நின்றால் குளிர்ச்சி நின்று வெறும் காற்றுதான் வரும். வெக்கையே ஆளை எழுப்பிவிடும். அந்தச் சத்தத்தையும் வெக்கையையும் நாம் குறை என்று சொல்லித்தான் ஹைபிரிட்டை விற்கிறோம். அவை குறைதான். ஆனால் அவை காவலும் கூட. ஒரு காவலை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் நம் வாய் வார்த்தையை வைக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி நெருங்கும்போது சித்ரா அழைத்தாள். எடுக்கப் பயமாக இருந்தது. முத்துவேல் அண்ணன்தான், "எடுங்க தங்கச்சி" என்றார்.

"அக்கா, வெளிய கொண்டாந்துட்டோம். கொத்தனார் அண்ணந்தான் தூக்கிட்டு வந்தாரு. கண்ணத் தெறக்குறா. வாந்தி எடுத்தா. தலை வலிக்குதுங்குறா."

"பேசுறாளா?"

"பேசுறா. இருங்க, குடுக்குறேன்."

அப்புறம் கீர்த்தனாவின் குரல், குடித்தவள் மாதிரி இழுத்து: "அம்மா... என்னாச்சு? எல்லாரும் ஏன் நிக்கிறாங்க?"

என் கையிலிருந்து கைபேசியை வாங்கி முத்துவேல் அண்ணன் பேசினார். "பாப்பா, அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க. நீ பேசாம காத்து வாங்கு."

ஆம்புலன்ஸ் அவளை மேலூர் சாலையிலேயே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. நாங்களும் நேராக அங்கே போனோம். ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். ஆனால் அந்த முகமூடிக்குள் குழந்தையாகத் தெரிந்தாள். பணியில் இருந்த மருத்துவர் இளம்பெண். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கம் வருவது போலத்தான் வரும் என்றார். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "நேரத்துக்கு எடுத்துட்டீங்க. ஆக்சிஜன் குடுத்தா சரியாயிரும். ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு தயங்கி, "என் தம்பியும் இந்த மாதிரி வண்டிதான் வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் யாரையோ கைபேசியில் அழைத்தார்.

கீர்த்தனா முகமூடியை விலக்கி, "சாரிம்மா" என்றாள்.

"நீ எதுக்குடி சாரி சொல்ற? மூடு அத."

"என்ஜின் ஓடவே இல்லம்மா. நான் பாத்துட்டுத்தான் உக்காந்தேன். மொதல்ல ஓடவே இல்ல."

"தெரியும். மூடு."

அவள் சொன்னது உண்மை. அவள் பார்த்தபோது ஓடவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டு உட்கார்ந்த பெண்ணை என்னவென்று திட்டுவது?

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். ஷோரூமில் இத்தனை காலம் வேலை பார்த்த அம்மாவின் மகளுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? எனக்கும் அதே கேள்விதான் வந்தது. பதில் எளிமையானது, அதனால்தான் வலிக்கிறது. நம் ஊழியர்கள் வண்டி எடுத்தால் டெலிவரி விளக்கம் கிடையாது. 'அக்காவுக்குத் தெரியாததா?' என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். வண்டியில் உட்காரப் போகிற மற்ற இருவருக்கும் தெரியாது. வாங்குகிறவருக்குத்தான் நாம் விளக்குகிறோம். வண்டியோடு வாழ்கிறவர்கள் அவர் பின்னால் நின்று மாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை டெலிவரி செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். பட்டனைத் தொடுவதற்கு முன்னால், "உங்க வீட்ல வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்பேன். ரோட்டில் நிற்கும், மரத்தடியில் நிற்கும் என்றால் ஒரு விதம். ஷெட்டு, ஷட்டர், வீட்டுக்கு அடியில் பார்க்கிங் என்றால் வேறு விதம். அடுத்து, "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" சிரிப்பார்கள். கார் வாங்க வந்த இடத்தில் கரண்டைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்று நினைப்பார்கள். சிரிக்கட்டும். மதுரை வெயிலில் கரண்ட் போனால் மனிதர்கள் குளிர்ச்சி இருக்கும் இடத்தைத் தேடுவார்கள். வீட்டில் அந்தச் சமயம் குளிர்ச்சி தரும் ஒரே இடம் நாம் விற்ற வண்டியாக இருக்கும். அதை வாங்க வந்தவரிடம் மட்டும் சொல்லாமல், கூட வந்த எல்லோரையும் வண்டியைச் சுற்றி நிற்கவைத்து, என்ஜின் தானாக எழும் வரை பேசாமல் காத்திருக்கச் சொல்வேன். அது எழும்போது பிள்ளைகள் துள்ளுவார்கள். அந்தத் துள்ளல் போதும். ஆயிரம் வார்த்தை சொன்னாலும் நிற்காதது அதில் நின்றுவிடும்.

எங்கள் வீட்டு ஷட்டரைக் கழற்றிவிட்டோம். கம்பிக் கதவு போட்டிருக்கிறோம். தூசி வருகிறது, பூனை வருகிறது. வரட்டும்.

அன்று சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். முத்துவேல் அண்ணன், "புள்ள முகம் தெளிஞ்சிருச்சு, நான் போறேன் தங்கச்சி, என் வீட்டுக்காரி அங்க மாலைய வாட விட்டுட்டு உக்காந்திருப்பா" என்று கிளம்பிப் போனார். சித்ரா, ஷட்டர் உடைந்து கிடந்த எங்கள் வீட்டுக்குக் காவலாக ஒத்தக்கடையிலேயே இருந்துவிட்டாள். கீர்த்தனா தூங்கிவிட்டாள். தூக்கம்தான் என்று செவிலியர் சொன்ன பிறகும், அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவர் வந்தால் என்ன சொல்வது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி பத்துக்கு அவள் எனக்குத்தான் சொன்னாள். பூட்டிக்கொள் என்று நான்தான் சொன்னேன். இந்த வண்டிகளைப் பற்றி ஊருக்கே சொல்கிறவள் நான். அவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று இருந்தேன்.

தேர்வு முடிந்து, கைபேசியைத் திரும்ப வாங்கி, செய்தியைப் பார்த்துவிட்டு, கல்லூரியிலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தோளில் பை. சட்டை முழுக்க வியர்வை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகளின் நெற்றியில் கை வைத்தார். எடுக்கவில்லை.

"அவ எனக்கு போன் பண்ணுனா. நான் சரியாக் கேக்கல" என்று ஆரம்பித்தேன்.

வேண்டாம் என்று தலையை அசைத்தார். உட்காரக்கூட இல்லை. மகள் விழித்துவிடக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்:

"நாந்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன் சுகந்தி. போன வாரம் கரண்ட் போனப்ப, நான் காருக்குள்ள உக்காந்துதான் பேப்பர் திருத்துனேன். 'சத்தமே இல்லாம ஏசி ஓடுது பாரு, வா'ன்னு அவளக் கூப்பிட்டுக் காமிச்சேன். அன்னிக்கு ஷட்டரப் பாதி தூக்கித்தான் வச்சிருந்தேன். எழுத்து தெரியலைன்னு, வெளிச்சத்துக்காகத் தூக்குனது. அதுனாலதான் நான் உசுரோட எந்திரிச்சு வந்தேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் சேத்துச் சொல்லியிருப்பேன்ல."